பெரிய இனக் குட்டி, 9 வாரம்: எந்த உணவு, எவ்வளவு, கால்சியம் டானிக் தேவையா?

முதல்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், ஆண், இன்றோடு 9 வாரம். பெயர் முத்து. எடை 7 கிலோ.

வந்து ஐந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டார்கள். குட்டியைக் கொடுத்தவர் பாலும் பிஸ்கட்டும் போதும் என்றார். நாய் வளர்த்து அனுபவம் உள்ள ஒரு உறவினர், "கறி போடு, அப்பத்தான் எலும்பு முறுக்கேறும்" என்றார். உணவு வாங்கப் போன இடத்தில் ஒரு பெரிய பையையும் கூடவே ஒரு கால்சியம் டானிக்கையும் கையில் கொடுத்தார்கள். ஷெப்பர்டுக்குக் காது நிமிர்ந்து நிற்க இது கட்டாயம் என்றார்கள்.

இப்போது நான் செய்வது: உலர் உணவைப் பாலில் ஊறவைத்து மூன்று வேளை. டானிக் காலையும் மாலையும். நாலு நாளாக மோஷன் கூழ் மாதிரி போகிறான். வயிறு உப்பிக்கொண்டு தெரிகிறது. மற்றபடி ஓடுகிறான், விளையாடுகிறான், தட்டு வைத்தால் ஒரு நிமிடத்தில் காலி. எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள். ராத்திரி அவன் தூங்கும்போது அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாலைநடை

வாழ்த்துகள் நண்பரே. பதில் சொல்லுமுன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள்? பாலில் ஊறவைப்பது எந்தப் பால்? அந்தப் பையின் பின்பக்கம், சின்ன எழுத்தில் எந்த வயது நாய்க்கு என்று போட்டிருக்கும், அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று. வாந்தி, மலத்தில் ரத்தம், சாப்பாட்டை ஒதுக்குவது, சுருண்டு படுப்பது, இதில் ஒன்று வந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தடுப்பூசி முழுதாக முடியாத வயது, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் பயம் உண்டு.

முதல்குட்டி

நன்றி. வாந்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்ததாகக் குட்டியைக் கொடுத்தவர் சொன்னார், தேதி தெரியாது. பால் பசும்பால். பையைத் திருப்பிப் பார்த்தேன், "வளர்ந்த நாய்களின் பராமரிப்புக்கு" என்று இருக்கிறது. முன்பக்கம் ஒரு குட்டியின் படம் போட்டிருந்ததால் குட்டிக்கானது என்றே நினைத்துவிட்டேன்.

மாலைநடை

சரி, பாதி விடை கிடைத்துவிட்டது. பாலை இன்றே நிறுத்துங்கள். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, தாய்ப்பால் மறந்த பிறகு குட்டிகளுக்குக் குறைந்துகொண்டே போகும். பல குட்டிகளுக்குக் கூழ் மோஷன் அதனால்தான். போதாததற்கு, நாயின் தாய்ப்பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் பாதிகூடக் கிடையாது. 9 வாரக் குட்டிக்குப் பாலே தேவையில்லை. உணவை ஊறவைக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

உப்பிய வயிறு பெரும்பாலும் உருண்டைப் புழு. நாளைக்கே புதிதாகப் போன மோஷனில் கொஞ்சம் ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி, முதல் சில மாதம் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிய ஒன்று. ஒரு முறை கொடுத்ததோடு முடியாது. புழு இருக்கும் வயிற்றில் எவ்வளவு நல்ல உணவு போட்டாலும் பாதி வீண்.

நாலுகால்

டானிக் பற்றி மற்றவர்கள் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பாட்டிலை மூடி வையுங்கள்.

என்னிடம் ஒரு கிரேட் டேன் பெண்குட்டி இருந்தாள். இரண்டரை மாதத்தில் வந்தாள். பெரிய இனம், பெரிய எலும்பு, அதற்கு நிறைய கால்சியம் வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது, நானும் நம்பினேன். நல்ல குட்டி உணவுதான் கொடுத்தேன். அதற்கு மேல் தினமும் கால்சியம் சிரப், வாரம் இருமுறை எலும்புத் தூள். நாலாவது மாதத்தில் ஒருநாள் தட்டு வைத்தேன், நின்று சாப்பிட ஆரம்பித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. வயிறு நிறைந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து முன்பக்கமாகக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு முன்னங்கால்களும் மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு தடித்திருந்தது. தொட்டால் காலை இழுத்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "கால்சியம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்பதுதான்.

அவர் விளக்கியதை எழுதுகிறேன். வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு முழுதாக வருவதில்லை. எவ்வளவு கொடுக்கிறோமோ அதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். வளரும் எலும்பு என்பது முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகு கெட்டியான எலும்பாக மாற வேண்டியது. கால்சியம் அளவுக்கு மீறினால் அந்த மாற்றம் தடுமாறுகிறது. குருத்தெலும்பு மாறாமல் நின்றுவிடும், மூட்டுக்குள் விரிசல் விடும், பக்கத்துப் பக்கத்து எலும்புகள் சமமாக வளராமல் கால் வளையும். கிரேட் டேன் குட்டிகளை வைத்தே ஆராய்ச்சிகள் செய்து இதைக் கண்டிருக்கிறார்கள்.

என் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் வலதுகால் கடைசிவரை முழுதாக நேராகவில்லை. படி இறங்கும்போதெல்லாம் அந்தக் காலைப் பார்த்துத் தலைகுனிந்துகொள்வேன்.

காது விஷயம்: ஷெப்பர்டின் காது பல் முளைக்கும் பருவத்தில் நிற்கும், விழும், மறுபடி நிற்கும். நாலைந்து மாதம், சில குட்டிகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்கென்று கால்சியம் ஊற்ற ஒரு தேவையும் இல்லை. முழுமையான குட்டி உணவில் வேண்டிய கால்சியம் ஏற்கனவே இருக்கிறது.

முதல்குட்டி

படித்துவிட்டுக் கை நடுங்கிவிட்டது. ஐந்து நாள் கொடுத்திருக்கிறேன். இந்த ஐந்து நாளிலேயே ஏதாவது ஆகியிருக்குமா?

நாலுகால்

ஐந்து நாளில் பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் நடந்தது. நிறுத்திவிட்டீர்கள் அல்லவா, போதும். நாளைக்கு மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

அடுப்படி

எல்லோரும் பையில் வரும் உணவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக என் நாய்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். கோழிக்கறி, முட்டை, சோறு, காய்கறி. என்ன போகிறது என்று என் கண்ணால் பார்க்கிறேன். பையில் எதை அரைத்துப் போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? முத்துவுக்கும் வீட்டிலேயே சமைத்துப் போடுங்கள் என்பேன்.

தட்டும்தராசும்

அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது. நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் பல வருடம் உதவியாளராக இருந்தவள். வீட்டுச் சமையல் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வளர்ந்த நாய்க்குச் சமைப்பதும் குட்டிக்குச் சமைப்பதும் ஒன்றில்லை. வளர்ந்த நாய்க்கு ஏதோ ஒரு சத்து கொஞ்சம் குறைந்தால் அதன் உடம்பு சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். குட்டிக்குச் சேமிப்பு கிடையாது, வரவு செலவு எல்லாம் அன்றன்றைக்கே.

கறியையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு பாஸ்பரஸ் வரும். குட்டிக்கு வேண்டியது ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை கால்சியம். இந்தக் கணக்கு தலைகீழானால் ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். கறியும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்த ஒரு குட்டியை எங்களிடம் கொண்டுவந்தார்கள். சோபாவிலிருந்து குதித்ததுதான், தொடை எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரேயில் அந்த எலும்பு பென்சிலால் லேசாகக் கோடு போட்ட மாதிரி மங்கலாக இருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

ஆக ஒரு பக்கம் அண்ணன் சொன்ன மாதிரி கால்சியம் கூடிப்போய்க் கெடுதல், இன்னொரு பக்கம் குறைந்துபோய்க் கெடுதல். நடுவில் இருக்கும் பாதை குறுகலானது, அதைக் கண்ணளவில் பிடிக்க முடியாது.

2013ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது போதவில்லை. அவை வளர்ந்த நாய்களுக்கான குறிப்புகள், குட்டிகளுக்கு இன்னும் கடினம். சமைத்துத்தான் போடுவேன் என்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் உங்கள் குட்டியின் எடை, வயது, இனம் சொல்லி, அதற்கென்று கணக்கிட்ட குறிப்பை வாங்கி, கிராம் மாறாமல் செய்யுங்கள்.

அடுப்படி

சரி, ஒப்புக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் என்னிடம் வந்த எல்லா நாய்களும் ஒரு வயதுக்கு மேல் வந்தவைதான். குட்டியிலிருந்து நான் வளர்த்ததில்லை. முதல்குட்டி, என் யோசனையை விட்டுவிடுங்கள். குட்டிப் பருவம் முடிந்த பிறகு பேசுவோம்.

மாலைநடை

அக்கா, பெரிய மனசு உங்களுக்கு.

முதல்குட்டி

மருத்துவரிடம் போய் வந்தோம். உருண்டைப் புழு இருக்கிறது. மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். டானிக் வேண்டவே வேண்டாம் என்று அவரும் சொன்னார். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவாக வாங்கச் சொன்னார். வாங்கப் போனால் ஒரு சுவர் முழுக்கப் பைகள். எதைப் பார்த்து எடுப்பது?

தட்டும்தராசும்

முன்பக்கப் படத்தையும் பெரிய எழுத்தையும் விட்டுவிடுங்கள். பின்பக்கம் ஒரு வாக்கியம் இருக்கும். அதில் முதலில் "முழுமையான, சமச்சீர்" உணவு என்ற பொருள் இருக்க வேண்டும். "துணை உணவு" என்று இருந்தால் அதை மட்டுமே நம்பி ஒரு குட்டியை வளர்க்க முடியாது. அடுத்து அது எந்தப் பருவத்துக்கு என்று இருக்கும். "வளர்ச்சிக்கு" அல்லது "எல்லாப் பருவங்களுக்கும்" என்றால் குட்டிக்குக் கொடுக்கலாம். "பராமரிப்புக்கு" என்றால் வளர்ந்த நாய்க்கு மட்டும். அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்று இரண்டு அமைப்புகள் வகுத்த அளவுகளைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. வித்தியாசம் சின்னதல்ல. ஆஃப்கோ கணக்கில் ஈரம் நீக்கிப் பார்த்தால் வளரும் குட்டிக்கு குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும், வளர்ந்த நாய்க்கு 18 போதும். கொழுப்பு 8.5க்கு எதிராக 5.5.

முத்துவுக்கு இன்னொரு வாக்கியமும் முக்கியம். வளர்ந்த பிறகு சுமார் 32 கிலோ, அதாவது 70 பவுண்டு, அதற்கு மேல் போகக்கூடிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஆண் ஷெப்பர்ட் அந்த எடையைத் தாண்டுவது சாதாரணம். அந்த உணவில் கால்சியம் ஈரம் நீக்கிய அளவில் 1.2 சதவீதத்துக்குக் குறையாமல், 1.8ஐத் தாண்டாமல் இருக்கும். மற்றக் குட்டி உணவுகளில் 2.5 வரை போக அனுமதி உண்டு. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் நாலுகால் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அது எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே புரியும்.

சின்னவால்

நானும் ஒரு சந்தேகம் கேட்கலாமா? ஈர உணவு டப்பாவில் புரதம் 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது, உலர் உணவில் 27. அப்படியானால் ஈர உணவு மட்டமா?

தட்டும்தராசும்

இல்லை. தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஈர உணவில் ஈரம் 78 சதவீதம் என்றால் மிச்சம் 22. அந்த 22ல் 9 புரதம், ஏறக்குறைய 41 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10, மிச்சம் 90. அதில் 27 என்றால் 30 சதவீதம். பார்த்தீர்களா, தலைகீழாகிவிட்டது.

பொருள்களின் பட்டியலும் இப்படித்தான். எடை அதிகமானது முதலில் வரும், ஆனால் தண்ணீரோடு சேர்த்த எடை. பச்சைக் கோழிக்கறி முதலில் இருக்கும், அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். உலர்த்தி அரைத்த கோழி மூன்றாவதாக இருந்தாலும் அதிலிருந்து வரும் புரதம் கூடுதலாக இருக்கலாம். அதனால் முதல் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சின்னவால்

தானியம் இல்லாதது உசத்தி என்கிறார்களே?

மாலைநடை

உசத்தி என்று சொல்ல ஆதாரம் இல்லை. நாய்களால் வேகவைத்த அரிசி, சோளம், ஓட்ஸ் எல்லாம் நன்றாகவே செரிக்க முடியும். 2018ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகம் உள்ள சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய் ஒன்றுக்கும் தொடர்பு உண்டா என்று விசாரணை தொடங்கியது. அந்த உணவுகள் பலவும் தானியம் இல்லாதவை என்று விற்கப்பட்டவை. இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் மருத்துவர் காரணம் சொல்லி எழுதிக் கொடுக்காதவரை என் நாய்க்கு அதை நான் வாங்க மாட்டேன்.

முதல்குட்டி

பெரிய இனக் குட்டி உணவு வாங்கியாயிற்று. பின்பக்க வாக்கியம் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. 100 கிராமில் 370 கிலோகலோரி. பையில் போட்டிருக்கும் அட்டவணையில் 2 முதல் 3 மாதம் வரை ஒரே வரியில் பெரிய இடைவெளி விட்டு அளவு கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு வைப்பது?

தட்டும்தராசும்

அட்டவணை ஒரு ஆரம்பம்தான். நாங்கள் போடும் கணக்கைச் சொல்கிறேன், கைபேசிக் கால்குலேட்டரே போதும்.

எடையை மூன்று முறை பெருக்குங்கள். 7 × 7 × 7 = 343. அதற்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், சுமார் 4.3 வரும். அதை 70ஆல் பெருக்கினால் 301. ஒரு நாளெல்லாம் சும்மா படுத்திருந்தாலும் அவன் உடம்புக்கு வேண்டிய கிலோகலோரி அது. நாலு மாதம் வரை குட்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 900 சொச்சம். உங்கள் உணவில் அது ஏறக்குறைய 245 கிராம். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 61 கிராம். மூன்று மாதம் ஆனதும் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. நாலு மாதம் தாண்டினால் மூன்று மடங்கை இரண்டு மடங்காக்க வேண்டும். எடை கூடிக்கொண்டே போவதால் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் கணக்கை மாற்றுங்கள்.

கப்பால் அளக்க வேண்டாம். ஒரே கப்பில் இரண்டு பேர் அள்ளினால் இரண்டு அளவு வரும். சமையலறைத் தராசில் கிராமாக நிறுத்துப் போடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டம் ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முடிந்தால் அந்த 245 கிராமிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு அதையே பரிசாகக் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், இது ஒரு தோராயம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே தேவை மாறும். கடைசி வார்த்தை உங்கள் கைவிரலுக்குத்தான். இடது கையை முன்னால் நீட்டி, வலது விரலால் தடவிப் பாருங்கள். முஷ்டி பிடித்தால் முட்டிகள் துருத்துகின்றன அல்லவா, விலா அப்படித் தட்டுப்பட்டால் குட்டி மெலிவு. கையை விரித்து உள்ளங்கைப் பக்கம் விரல் அடியில் தடவினால் எலும்பைத் தேட வேண்டியிருக்கும், விலா அப்படி இருந்தால் குண்டு. விரித்த கையின் புறங்கையைத் தடவுங்கள். லேசான ஒரு மெத்தைக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். விலா அப்படி இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கி இருக்க வேண்டும். ஷெப்பர்டுக்கு முடி அடர்த்தி, கண்ணை நம்பாதீர்கள், தொட்டுப் பாருங்கள்.

மாலைநடை

பழைய உணவிலிருந்து ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால், ஏழாம் நாள் முழுதாக. மோஷன் இளகினால் ஒரு படி பின்வாங்கி இரண்டு நாள் நின்று தொடருங்கள். பையை அப்படியே இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டால் உணவின் கொழுப்பு சிக்குப் பிடிக்கும்.

சின்னவால்

சின்ன இனம் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பொமரேனியன் குட்டி 11 வாரத்தில் 900 கிராம். முந்தின ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, காலையில் கூப்பிட்டால் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினாள், ஈறு வெளுத்திருந்தது. தொலைபேசியில் மருத்துவமனையைக் கூப்பிட்டதும், சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே உடனே வரச் சொன்னார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் சேமித்து வைக்க இடமே கிடையாது என்று மருத்துவர் சொன்னார். நாலு மாதம் வரை நாலைந்து வேளை கொடுத்தோம், ராத்திரி படுக்கும் முன் ஒரு வேளை கட்டாயம். பெரிய இனத்துக்கு அவசரப்படாமல் வளர்வது முக்கியம் என்றால், சின்ன இனத்துக்கு வேளை தவறாமல் இருப்பது முக்கியம். பத்து, பன்னிரண்டு மாதத்திலேயே வளர்ச்சி முடிந்து பெரியவர்கள் உணவுக்கு மாறிவிடலாம். முத்து மாதிரிப் பெரியவர்களுக்கு 12லிருந்து 18 மாதம் ஆகும், ராட்சத இனங்களுக்கு அதற்கும் மேல்.

முதல்குட்டி

பத்து நாள் ஆயிற்று. இன்று காலை மோஷன் கெட்டியாக, ஒரு தடவை எடுத்தால் தரையில் ஒட்டாத அளவுக்கு வந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். வயிறும் வடிந்துவிட்டது.

இப்போது வேறு கவலை. எப்போதும் பசி பசி என்றே இருக்கிறான். தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே சமையலறை வரை வருகிறான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "என்ன இப்படி ஒல்லியா இருக்கு, குட்டின்னா கொழுகொழுன்னு இருக்க வேண்டாமா" என்கிறார்கள். விலா புறங்கை மாதிரிதான் தட்டுப்படுகிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டட்டுமா?

நாலுகால்

கூட்டாதீர்கள் தம்பி. புறங்கை மாதிரி இருந்தால் அவன் சரியாக இருக்கிறான். கொழுகொழு குட்டி பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கூடுதல் எடை முழுவதையும் இன்னும் கெட்டிப்படாத மூட்டுகள்தான் தாங்க வேண்டும். வேகமாக வளர்ந்தால் பெரிதாக வளர்வான் என்பது தவறு. எவ்வளவு உயரம் என்பது அவன் தாய் தகப்பனிடமிருந்து வந்தது. மெதுவாக வளர்ந்தாலும் அதே உயரத்துக்கு வருவான், கொஞ்சம் நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.

லாப்ரடார் நாய்களை வைத்து நடந்த ஒரு நீண்ட ஆராய்ச்சி உண்டு, முடிவு 2002ல் வெளியானது. 48 குட்டிகள், ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். எட்டு வாரக் குட்டியில் ஆரம்பித்து ஆயுள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வாதமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. யாராவது ஒல்லி என்று சொன்னால் எனக்கு அந்த இரண்டு வருடம்தான் ஞாபகம் வரும்.

பசி என்பது அந்த வயதின் இயல்பு. வேகமாக விழுங்கினால் உணவை ஒரு பெரிய தட்டில் பரப்பிப் போடுங்கள், அல்லது விளையாட்டுப் பொருளுக்குள் அடைத்துக் கொடுங்கள், தேடித் தின்னட்டும்.

அடுப்படி

நானும் ஒன்று சொல்கிறேன், இது என் அடுப்படியிலிருந்து. சமையலறை வரை வருகிறான் என்றீர்கள், அதனால்தான். வெங்காயம், பூண்டு எந்த வடிவத்திலும் கூடாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு வரை தாங்கும் என்று கணக்கே கிடையாது, ஒன்றுகூட வேண்டாம். சாக்லெட், காபி கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில நிலக்கடலை வெண்ணெயிலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்களுக்கு மிகக் கொடியது. கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள். வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், என் முதல் நாய்க்கு அறுவைச் சிகிச்சை வரை போனது.

பச்சைக் கறி பற்றியும் கேட்பீர்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் வரலாம், குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு, வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் அவர்களுக்கும் ஆபத்து. சமைத்துப் போடும் நானே பச்சையாகப் போட்டதில்லை.

முதல்குட்டி

எல்லாவற்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். டானிக் பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று. நடுவில் ஏதாவது என்றால் வருகிறேன்.

முதல்குட்டி

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முத்துவுக்கு ஐந்து மாதம் முடிந்தது. நேற்றைய எடை 18 கிலோ. கணக்குப் போட்டேன்: 18ஐ மூன்று முறை பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம், எழுபதால் பெருக்கினால் 612. நாலு மாதம் தாண்டிவிட்டதால் இரண்டு மடங்கு, 1,224. அதே உணவில் 330 கிராம், வேளைக்கு 110. சரியாகப் போட்டிருக்கிறேனா?

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து இடுப்பு மூட்டு இப்போதைக்கு நன்றாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். முன்னங்கால் நேராக இருக்கிறது. நாலுகால் அண்ணா, தினமும் குனிந்து பார்க்கிறேன், உங்கள் பெண்ணை நினைத்துக்கொண்டே. இடது காது நின்றுவிட்டது, வலது இன்னும் மடிந்திருக்கிறது.

தட்டும்தராசும்

கணக்கு சரி. கருத்தடை செய்வதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் வயதைப் பேசிக்கொள்ளுங்கள், பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வார்கள். செய்த பிறகு கலோரித் தேவை குறையும், அப்போது விலாவைத் தொட்டுப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும்.

நாலுகால்

வலது காதும் நின்றுவிடும் தம்பி. பல் மாறி முடியட்டும். நின்ற அன்றைக்கு ஒரு படம் போடுங்கள்.